சிவப்புச் சீட்டு

ஜனவரி 19, 2025
பேஸ்மென்டிலிருந்து ஏறி வந்த திருத்துநர் கையில் சிவப்புச் சீட்டு. வீட்டைச் சூடாக்கும் காஸ் பேர்னஸில், எரிந்த புகையை வீட்டுக் காற்றோடு கலக்காமல் பிரிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் வெடிப்பு. காஸை அங்கேயே பூட்டிவிட்டார். இதைத் திரும்பப் பற்றவைக்கச் சட்டம் விடாதாம். கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் வரும், மணமும் இல்லை, நிறமும் இல்லை என்றார்.

மார்கழி முழுக்க அம்மாவுக்குக் காலையில் தலையிடி.

ஜனவரி 20
ஹோலில் 14 பாகை. இரண்டு மின் ஹீட்டர்களையும் அம்மாவின் அறையில் போட்டேன், பிரேக்கர் விழுந்துவிட்டது. இப்போது ஒன்று மட்டும்.

ஹோலில் இருந்த கார்பன் மொனொக்சைட் அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். 2013இல் செய்தது. பத்து வருடத்துக்குமேல் இவற்றை நம்பக்கூடாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததே என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். எத்தனை இரவு அம்மா அந்தக் காற்றை மூச்செடுத்தார்? புதியது ஒன்று வாங்கி அறைவாசலில் மாட்டியாயிற்று.

ஜனவரி 21
இன்று முழுக்கக் கணக்கு.

முதலாவது ஆள் கேட்டது: புதிய பேர்னஸும் ஏசியும் சேர்த்து 9,800, வரி 13 வீதம் 1,274, ஆக 11,074 டொலர். இந்தப் பனிக்குள் ஏசி எதற்கு என்று கேட்டேன். காற்றைக் குளிராக்கும் அதன் கொயில் பேர்னஸின் தலையில்தான் இருக்கிறது, இப்போது மாற்றினால் ஒரே கூலி, பிறகென்றால் இரண்டு கூலி. எங்கள் ஏசி ஓடுவது ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் வாயுவில். 2020க்குப் பிறகு அது புதிதாக வருவதில்லை. சரி, அது நியாயம்.

இன்னொருவர் வந்து, கையில் காசே வேண்டாம், வாடகைக்குத் தருகிறேன், மாதம் 149 மட்டும், பத்து வருடம் என்றார். வாய் இனித்தது. 149ஐ 120ஆல் பெருக்கினேன்: 17,880. அதற்குமேல் வரி. பக்கத்து வீட்டு அன்ரி இப்படித்தான் வாடகைக்கு எடுத்தார். வீட்டை விற்கப்போனபோதுதான் பத்திரத்தில் கம்பனி தன் உரிமையைப் பதிந்திருந்தது தெரிந்தது. எங்கள் ஒன்ராரியோ மாகாணம் 2024 ஜூனில் அந்தப் பதிவைத் தடைசெய்துவிட்டது. ஆனால் அன்ரி அழுததை நான் பார்த்தேன். வாடகை வேண்டாம்.

ஹீட் பம்ப்தான் என் ஆசை. குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே இயந்திரம். 16,500 கேட்கிறார்கள். அதற்கு அரசு தந்த 5,000 டொலர் மானியத்துக்குப் புதிய விண்ணப்பம் 2024 பெப்ரவரியிலேயே நின்றுவிட்டது. அரசின் வட்டியில்லாக் கடன் இருக்கிறது, 40,000 வரை. ஆனால் முதலில் ஒருவர் வந்து வீட்டை மதிப்பிட வேண்டும், அனுமதி வருமுன் வேலை தொடங்கக்கூடாது. பேர்னஸ் நல்லாயிருக்கும்போது கேட்டிருக்க வேண்டிய கடன். இரண்டு கம்பளிக்குள் கிடக்கிற அம்மாவை எப்படிக் காத்திரு என்பது?

ஜனவரி 22
அம்மாவுக்கு இரவெல்லாம் குளிரில் நித்திரை இல்லையாம். ஆனால் தலையிடி இல்லையாம். மூன்று தரம் கேட்டுவிட்டேன்.

ஜனவரி 23
முதலாவது ஆளுக்கே சொல்லிவிட்டேன். அம்மாவின் பல்லுக்கென்று வைத்திருந்த 6,000. அண்ணா லண்டனிலிருந்து 3,000. மிச்சம் 2,074 கடனட்டையில். பல்லைப் பற்றி அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வைத்தியரிடம் தலையிடியைச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் கழித்து இரத்தத்தில் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 24
காலை எட்டு மணிக்கு வருகிறார்கள். எத்தனை பேருக்குத் தேத்தண்ணி வைக்க வேண்டும் என்று அம்மா கேட்கிறார்.