ப்ரீகேஜி சேர்ந்த ஆண்டு: ஒரு தந்தையின் நாட்குறிப்பு

ஜூன் 18, 2025, புதன்கிழமை, ஸ்ரீரங்கம்

இந்த மாதத் தொடக்கத்தில் மகளைப் பக்கத்துத் தெருவிலுள்ள பாலர் பள்ளியில் ப்ரீகேஜி வகுப்பில் சேர்த்தோம். வரும் செப்டம்பரில்தான் அவளுக்கு மூன்று வயது நிறைகிறது. இதுவரை பாட்டியின் கைக்குள்ளேயே வளர்ந்தவள் என்பதால் பெரிதாக எந்த நோயையும் அறியாதிருந்தாள். பள்ளிக்குப் போன இரண்டாவது வாரமே மூக்கொழுகலுடன் திரும்பினாள். இன்று காலை வெப்பமானியில் 101.8 டிகிரி காட்டியது.

100.4 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால்தான் காய்ச்சல் என்று கொள்ள வேண்டும் என்றும், அந்த எண்ணை விட, குழந்தை தண்ணீர் குடிக்கிறாளா, வழக்கம்போல் சிறுநீர் கழிக்கிறாளா, சூடு தணிந்த வேளையில் எழுந்து விளையாடுகிறாளா என்பதையே கவனிக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். பாரசிட்டமாலை வயதை வைத்து அல்ல, எடையை வைத்தே கொடுக்க வேண்டுமாம்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். மகளின் எடை 12 கிலோ. ஆகவே 180 மில்லிகிராம். கடைகளில் ஒரே பெயரில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் கொண்ட மருந்தும், 250 மில்லிகிராம் கொண்ட மருந்தும் கிடைக்கின்றன. முதலாவதில் அவளுக்கு 7.5 மில்லி என்றால், இரண்டாவதில் ஏறத்தாழ 3.5 மில்லிதான். பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவையே ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். இதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். பகலில் மகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குச் சிறிய எழுத்து தெரியாது என்பதால் எண்களை மட்டும் பெரிதாக எழுதினேன்.

ஜூலை 15, செவ்வாய்க்கிழமை

ஒரு சளி முற்றும் விடுவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. "இந்தப் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையோ" என்று மனைவி கலங்கிப்போனாள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது வழக்கமே என்றும், பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டில் அது பத்தைத் தாண்டினாலும் வியப்பில்லை என்றும் மருத்துவர் அவளிடம் விளக்கினார். சளிக்குக் காரணமான ரைனோவைரஸில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றை வென்ற உடல் அடுத்ததை அறியாது. எடை கூடி வருகிறது, இரண்டு நோய்களுக்கு இடையே குழந்தை தெளிவாக இருக்கிறாள், நிமோனியா போன்ற பெரிய தொற்று மீண்டும் மீண்டும் வரவில்லை; அப்படியிருக்க எதிர்ப்புச் சக்தியைச் சந்தேகிக்கக் காரணமில்லை என்றார்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றைப் பற்றி இரவில் படித்தேன். பல பிள்ளைகள் கூடும் காப்பகங்களுக்குச் சிறு வயதிலேயே போனவர்களுக்கு இரண்டு வயதில் சளி அதிகம் பிடித்தது. ஆனால் ஆறு முதல் பதினொரு வயது வரை, வீட்டில் வளர்ந்தவர்களை விட அவர்களுக்கே சளி குறைவாக இருந்தது. இன்று படுவது வீண் போகாது என்ற அளவில் அது எங்கள் இருவருக்கும் ஆறுதலாக இருந்தது.

மாலையில் மருந்துக்கடைக்குப் போனபோது, சளி பச்சையாக இருக்கிறது என்று கேட்டதுமே கடைக்காரர் சீட்டு எதுவும் இல்லாமல் ஆன்டிபயாடிக் பாட்டில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். நான் வாங்கவில்லை. சாதாரண வைரஸ் சளியிலும் சில நாட்களில் நிறம் மாறுவது இயல்பு. வைரஸை ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. வீணாகக் கொடுத்துப் பழக்கினால், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அந்த மருந்து கேட்காமல் போகக்கூடும். அதை நினைத்தால் எனக்கு அச்சமாகவே இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப்பெருக்கு

அம்மா மண்டபம் படித்துறைக்கு இந்த ஆண்டு நாங்கள் போகவில்லை. வியாழக்கிழமை மகள் சோற்றைக் கண்டாலே அழுதாள்; வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தபோது அண்ணத்தில் சிவந்த புண்கள். மறுநாள் உள்ளங்கையிலும் பாதங்களிலும், பிறகு முழங்காலிலும் பிட்டத்திலும் சிறு கொப்புளங்கள் எழும்பின. "ஆடி மாசத்துல அம்மா வந்திருக்கா, தம்பி. மருந்து கிருந்துன்னு எதையும் கொடுத்துடாதே" என்று சொல்லிவிட்டு அம்மா வாசலில் வேப்பிலை செருகினார்.

இது தட்டம்மையோ சின்னம்மையோ அல்ல, காக்ஸாக்கி போன்ற வைரஸ்களால் வரும் கை, கால், வாய் நோய் என்று மருத்துவர் பார்த்த உடனேயே சொன்னார். 2022இல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பரபரப்பாகப் பேசப்பட்டதும் இந்த வகையைச் சேர்ந்தது என்பதே பின்னர் வந்த விளக்கம். தனி மருந்து கிடையாது. ஏழு முதல் பத்து நாட்களில் தானாக அடங்கும். வாய்ப்புண்ணால் தண்ணீரே குடிக்காமல் உடல் வறண்டுவிடுவதுதான் இதில் பார்க்க வேண்டிய ஆபத்து.

அம்மாவோடு நான் வாதாடவில்லை. வேப்பிலை இருப்பதால் கெடுதல் இல்லை. பிள்ளையைத் தனியே படுக்க வைப்பதும், வெளியார் வராமல் பார்ப்பதும், அவள் துணியைத் தனியாகத் துவைப்பதும் அம்மாவின் முறையிலேயே அடங்கியிருப்பவை. வலிக்கு மட்டும் பாரசிட்டமால் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அதன் பிறகு, காரமும் புளிப்பும் இல்லாத குளிர்ந்த மோர்ச்சோற்றை நன்றாக மசித்து, சிறு கரண்டியால் கன்னத்தின் ஓரமாக, புண்ணில் படாதவாறு ஊட்டினார். மருத்துவர் சொல்லியிருந்தாலும் எனக்கு அந்தப் பக்குவம் வந்திருக்காது.

சானிடைசரை நம்ப வேண்டாம், இந்த வைரஸுக்குச் சோப்பும் ஓடும் தண்ணீருமே சிறந்தது என்பதையும் குறித்துக்கொள்கிறேன். கொப்புளம் காய்ந்த பிறகும் பல வாரங்கள் மலத்தில் வைரஸ் வெளியேறுமாம். எனவே கழிப்பறைக்குப் பின் கை கழுவுவதில் விட்டுக்கொடுக்க முடியாது.

செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை

கட்டைவிரல் நகம் அடியிலிருந்து பிரிந்து தூக்கிக்கொண்டு நின்றது. இன்று குளிக்கும்போது கழன்றுவிட்டது. ஆகஸ்டில் வந்த நோயின் பின்விளைவுதான். வலி இல்லை, கீழே புதிய நகம் ஏற்கெனவே முளைத்திருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை

சில நாட்களாகச் செய்தித்தாளைத் திறக்கவே மனம் வலிக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சளிக்கும் இருமலுக்கும் மருந்து குடித்த சிறு பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்திருக்கிறார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட வரம்போ 0.1 சதவீதம். அந்தப் பிள்ளைகளுக்கு வந்திருந்தது, என் மகளுக்கு மாதந்தோறும் வருகிற அதே நோய்தான் என்ற நினைப்பு தூங்க விடவில்லை.

இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்ககம் அறிவித்திருக்கிறது. சளி மருந்துகளில் சேர்க்கப்படும் குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று 2023 டிசம்பரிலேயே உத்தரவு இருந்தது. அந்த உத்தரவு தெருமுனைக் கடை வரை வந்து சேரவில்லை. பெற்றோர் கேட்டு வாங்குவதும், கடைக்காரர் எடுத்துத் தருவதும் அப்படியேதான் தொடர்ந்தன.

எங்கள் வீட்டில் இருமலுக்கு, படுக்கப்போகும் முன் அரைக் கரண்டி தேன். ஒரு வயது கடந்த பிள்ளைகளுக்கு அது இதமளிக்கும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. அம்மா கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து சில சொட்டுகள் கொடுப்பார்.

அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இருமல். காலையில் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பப்பட்ட ஒரு சிறுவனுக்கு மதியத்துக்குள் காய்ச்சல் ஏறி, அவன் ஆசிரியையின் மடியிலேயே படுத்துக் கிடந்தானாம். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அவன் தாயைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண் ஜவுளிக்கடையில் நிற்பவர். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குப் பிள்ளை வளர்ப்பு விடுப்பு பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாட்கள் உண்டு. 2017இல் திருத்தப்பட்ட சட்டம் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியது. பேறுகால விடுப்பு முடிந்த பிறகு பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கென்று தனியார் வேலையில் இருக்கும் தாய்க்குச் சட்டம் தனி விடுப்பு எதையும் எழுதி வைக்கவில்லை. நோயுற்ற பிள்ளை பள்ளிக்கு வருவதற்கு அலட்சியம் காரணம் என்று நான் நம்பவில்லை; விடுப்பு இல்லாமையே காரணம்.

குழுவில் இதைத்தான் எழுதினேன். மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இன்றி இருந்த பிறகே பிள்ளை வகுப்புக்கு வரட்டும், அந்த நாட்களுக்குக் கட்டணத்தில் கழிவு தரலாமே என்று தலைமை ஆசிரியையிடமும் கேட்டிருக்கிறேன்.

நவம்பர் 19, புதன்கிழமை, இரவு

மழை விடவில்லை. நேற்று முதல் சளி. இன்று இரவு தூக்கத்தில் விசில் போன்ற ஓசை. சட்டையைக் கழற்றிவிட்டு விளக்கின் கீழ், கடிகாரத்தை வைத்து, முழு ஒரு நிமிடம் வயிறு எழுந்து தாழ்வதை எண்ணினேன்: 46. ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40ஐ எட்டினாலே வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே சதை உள்வாங்கியது. காய்ச்சல் 99தான், ஆனாலும் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதம். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்தை நெபுலைசர் கருவியில் புகையாக வைத்த பிறகு மூச்சு சீரானது. வைரஸ் சளியோடு வரும் வீசிங், அதாவது மூச்சிரைப்பு இது, இதையே ஆஸ்துமா என்று முடிவுகட்ட வேண்டாம், இந்த வயதில் இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு வயதுக்குள் நின்றுவிடும் என்றார் இரவுப் பணி மருத்துவர். ஸ்பேசர் என்ற குழாய் வழியாக இன்ஹேலர் தரும் முறையை மனைவிக்கும் எனக்கும் செய்து காட்டி, எங்களையும் செய்ய வைத்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார்.

டிசம்பர் 10, புதன்கிழமை

இன்ஃபுளூயன்சா தடுப்பூசியின் முதல் தவணை போட்டாயிற்று. நான்கு வாரம் கழித்து இரண்டாவது, பிறகு ஆண்டுக்கு ஒன்று. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஐந்து வயது வரை இதைப் பரிந்துரைத்தாலும் அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லாததால் பணம் கொடுத்தே போட வேண்டியிருக்கிறது. எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது கிடைக்க வேண்டும்.

24 மணி நேர விதியைப் பள்ளி ஏற்றுக்கொண்டு நாட்குறிப்பேட்டில் அச்சிட்டு ஒட்டியனுப்பியது. கட்டணக் கழிவுக்கு இசையவில்லை; வரும் பெற்றோர் கூட்டத்தில் மீண்டும் கேட்பேன். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அந்தத் தாயும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று மகளுக்கு மூக்கு மட்டும் ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை, இரண்டு இட்லி சாப்பிட்டாள், பாட்டியோடு சண்டை போட்டாள். பையில் ஒரு கைக்குட்டையைக் கூடுதலாக வைத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டோம்.