சி எது, டி எது: நான்கு பார்ட்டிஷன் போட்டுப் பார்த்தேன்

டிஸ்கைப் பிரித்த பகுதிகளுக்கு (பார்ட்டிஷன்) டாஸ் என்ற பழைய ஓஎஸ் சி, டி என்ற எழுத்துகளை எப்படிக் கொடுக்கிறது என்று பார்க்க ஆசை. வீட்டு ஹார்ட் டிஸ்க் முழுக்கக் குடும்பப் படங்கள், அதில் கை வைக்கக் கூடாது. ஆகவே கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைப் போல இயங்கும் க்யூஎமுவில், 420 எம்பிக்கு ஒரு டிஸ்க் இமேஜ் (டிஸ்காகப் பயன்படும் ஃபைல்) எடுத்துக்கொண்டேன். டாஸோடு வரும், பார்ட்டிஷன் பிரிக்கும் எஃப்டிஸ்க், இரண்டாவது பிரைமரியை (டிஸ்கில் நேரடியாக அமையும் பார்ட்டிஷன்) போட விடாது. லினக்ஸ் எஃப்டிஸ்கில் மூன்று பிரைமரி, நான்காவதாக ஒரு எக்ஸ்டெண்டட் (மற்ற பார்ட்டிஷன்களை உள்ளே வைக்கும் உறை), அதனுள் ஒரு லாஜிக்கல் என்று பிரித்தேன். எல்லாவற்றிலும் ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை அடுக்கும் முறை, ஃபேட்16. பிரைமரிகளுக்கு மல்லி, முல்லை, ரோஜா என்றும் லாஜிக்கலுக்குச் செம்பருத்தி என்றும் லேபிள். மல்லிதான் ஆக்டிவ், அதாவது பூட் ஆவதற்கெனக் குறித்த பார்ட்டிஷன்.

எம்எஸ்-டாஸ் 6.22 ஃப்ளாப்பி இமேஜில் பூட் செய்தேன். சி மல்லி. அடுத்தது முல்லைதானே என்று டி டிரைவை ஃபார்மட் செய்யச் சொன்னேன். இப்போதுள்ள லேபிளைக் கேட்டது. முல்லை என்று அடித்ததும் லேபிள் தவறு என்று நின்றுவிட்டது. ஃபைல்களைப் பட்டியலிடும் டிர் கட்டளை போட்டுப் பார்த்தால் டி செம்பருத்தி! அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அழித்திருப்பேன். லேபிள் வைக்காமல் யாரும் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

டாஸின் வழக்கம் இதுதான்: முதலில் ஆக்டிவ் பிரைமரி, பிறகு லாஜிக்கல்கள், மிச்சமுள்ள பிரைமரிகள் கடைசியில். முல்லை ஈ, ரோஜா எஃப்.

மறுநாள் பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில், டிஸ்கின் முதல் செக்டரைத் (டிஸ்கின் மிகச் சிறிய துண்டு) திறந்தேன். 512 பைட்டில் 446-ஆவது இடத்திலிருந்து பார்ட்டிஷன் டேபிள். 16 பைட் வீதம் நான்கே வரிசை, மொத்தம் 64 பைட். அதனால்தான் நாலு பிரைமரிக்கு மேல் இடமில்லை. வரிசையின் முதல் பைட் 80 என்றால் ஆக்டிவ், ஐந்தாவது பைட் பார்ட்டிஷனின் வகை. தொடங்கும் செக்டரும் அளவும் உண்டு. டிரைவ் எழுத்து மட்டும் எங்குமே இல்லை. சி என்பதை டாஸ் ஒவ்வொரு பூட்டிலும் புதிதாகக் கணக்குப் போட்டு வைக்கிறது.

அதைச் சோதிக்க அந்த 80-ஐ மட்டும் முல்லையின் வரிசைக்கு மாற்றினேன். முல்லை சி ஆனது, மல்லி ஈ-க்குப் போனது. செம்பருத்தி டி-யிலேயே இருந்தது. லினக்ஸிலோ துளி மாற்றமில்லை. அது வைக்கும் பெயர்கள் டேபிள் வரிசைப்படி எஸ்டிஏ1, 2, 3. லாஜிக்கல் எப்போதும் 5-லிருந்து.

அடுத்து ரோஜாவின் வகை பைட்டை 06-லிருந்து 16 ஆக்கினேன், மறைத்த ஃபேட்16. டாஸில் எஃப் காணவில்லை. லினக்ஸ் அதே ரோஜாவைச் சாதாரணமாக மவுண்ட் செய்தது (திறந்து பயன்படுத்தத் தந்தது), உள்ளே வைத்த ஃபைலும் பத்திரம். மவுண்ட் செய்யும்போது அது ஃபைல் சிஸ்டத்தின் சொந்த அடையாளத்தைத்தான் பார்க்கிறது. ஐபிஎம்மின் பழைய ஓஎஸ்/2-வில் எதை பூட் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் பூட் மேனேஜர் மற்ற பிரைமரிகளை ஒளித்ததும் இதே பைட்டை வைத்துத்தான்.

அடுத்தது விண்டோஸ் எக்ஸ்பி. அது டிஸ்கின் 4 பைட் சிக்னேச்சரையும் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) குறித்துவைத்து எழுத்தை நினைவில் கொள்ளும். சிக்னேச்சர் இருப்பது 440-ஆவது பைட்டில். இமேஜைப் பிரதி எடுத்துவிட்டேன்; வரும் ஞாயிறு அந்தச் சிக்னேச்சரில் ஒரு பைட்டை மாற்றிப் பார்க்கிறேன்.