பால் வடியும் நேரத்தில் வீட்டு வேலை

1978 ஆம் ஆண்டு இலங்கையின் தலைமன்னாரில் 'இராமானுஜம்' என்ற கப்பலில் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, செங்கோட்டையையும் ஆரியங்காவுக் கணவாயையும் கடந்து நாங்கள் வந்து சேர்ந்த இடம், கொல்லம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் குளத்தூப்புழைப் பக்கமுள்ள ரப்பர் தோட்டம். 1964 ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கையின்படி வந்தவர்களுக்காக மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து அமைத்த தோட்டம் அது. காகிதத்தில் எங்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். தாத்தா காலத்திலேயே கடல் கடந்துவிட்ட குடும்பத்தில் பிறந்து, பேருந்தின் பெயர்ப்பலகையைக்கூட வாசிக்கத் தெரியாமல் நின்ற எனக்கு அது புதிய நாடாகத்தான் இருந்தது. அப்போது எனக்கு வயது பத்தொன்பது, திருமணமாகி ஓராண்டு.

இலங்கை மலையில் தேயிலைக் கொழுந்து பறித்த நாள்களில் வீட்டு வேலைக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு லயத்துக்கு, எங்கள் வரிசை வீட்டுக்கு வருவோம், மறுபடி மலைக்குப் போய் மாலையில் திரும்புவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவையும் (அறையையும்) இஸ்தோப்பையும் (முன் திண்ணையையும்) மாலை வெளிச்சத்திலேயே பெருக்கி முடித்துவிடலாம். ரப்பர் அந்த ஒழுங்கைக் கலைத்துப் போட்டது. வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால், விடிவதற்குள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போக வேண்டும். ஆளுக்கு ஏறத்தாழ 300 மரம். ஒவ்வொன்றிலும் பழைய பட்டையின் மேல் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்து, மெல்லிய சீவலாகப் பட்டையை வெட்டி, சிரட்டையைத் துடைத்து வைத்து நகர வேண்டும். (சிரட்டை என்ற சொல் இலங்கையில் நாங்கள் சொன்னபடியே இங்கும் இருந்தது, முதல் மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுவாகத்தான் இருக்கும்.) ஒன்பதரை மணிவாக்கில் வெட்டு முடியும். வெட்டுவாய் தானாக உறைந்து அடைபடும்வரை இரண்டு, இரண்டரை மணி நேரம் பால் வடிந்துகொண்டிருக்கும். அதன் பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலைச் சேகரித்து, நிறுவைக்குக் கொண்டு சேர்த்துவிட்டு வீடு திரும்பினால் உடம்பில் ஒரு துளி வலுவும் மிச்சம் இருக்காது.

அந்த இடைநேரத்தில் வீட்டுக்கு வந்து படுத்துவிடுவதும், வேலைகளையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வைப்பதுமாகத்தான் முதல் மூன்று மாதங்களை ஓட்டினேன். ஆறு நாள் துணியும் ஆறு நாள் அடுப்புக்கரியும் ஒரே நாளில் என் முன்னால் வந்து நிற்கும். ரப்பர் பால் பட்ட துணி காத்திருக்காது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. ஈரத்தோடு அலசினால் தண்ணீரிலேயே போய்விடும் பால், காய்ந்துவிட்டால் துணியோடு ஒன்றிக் கருத்துத் தோல்போல் ஆகிவிடும். கலியாணச் சேலைகளில் ஒன்றின் முந்தானையை அப்படித்தான் இழந்தேன். மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்ததில் கறை கொஞ்சம் இளகியது. சாயமும் கூடவே போனது.

அடுத்த வீட்டுச் சேச்சி அந்தச் சேலையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "குறச்சு குறச்சாயிட்டு செய்தால் மதி" என்றார். 'கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதுதான் அறிவு' என்று பொருள் எடுத்துக்கொண்டு நான் தலையாட்டினேன். மலையாளத்தில் 'மதி' என்றால் 'போதும்' என்பது பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

மறுநாள் முதல் அந்த இரண்டரை மணி நேரத்தைத் துண்டு போட்டேன். வந்தவுடன் வெட்டுச் சேலையை மாற்றி, பால் பட்ட இடத்தை மட்டும் அலசிக் கொடியில் போடுவேன். முழுத் துவைப்பு பிறகு. உலையில் அரிசியைப் போட்டால் அது கொதித்து வருவதற்குள் ஒரு மூலையைப் பெருக்குவேன், ஒரு மூலைக்கு மேல் கிடையாது. சோறு வடிவதற்குள் முந்தின இரவுப் பாத்திரத்தில் கரிப்பிடித்த ஒன்றை மட்டும் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு துலக்குவேன். பிறகு கட்டாயம் அரை மணி நேரம் படுப்பேன். இந்த அரை மணியை விட்டுக்கொடுத்த நாள்களில் மற்றதெல்லாம் சரிந்துவிடும் என்பதால், அதையும் வேலைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

மாமிக்கு இது பிடிக்கவில்லை. பாதி பெருக்கிய வாசலும் பாதி புடைத்த அரிசியும் வீட்டுக்குத் தரித்திரம் என்பது அவர் கட்சி. "எடுத்த வேலைய முடிக்காம எந்திரிக்கிறது என்ன பழக்கம் புள்ள?" என்று தினமும் கேட்பார். "பால் வடிஞ்சிரும் மாமி" என்பதுதான் என் பதில். அவருக்கு அது சாக்காகவே பட்டது. மரத்தை வெட்டப் போனவர் அவர் அல்லவே.

என் வீட்டுக்காரருக்கும் அதே 300 மரம், அதே இரண்டரை மணி நேரம். அவர் அதைத் தேநீர்க் கடைப் பலகையில் கழித்தார். வெகு நாள் இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை; இன்று நினைத்தால் என் மேல்தான் கோபம் வருகிறது. மூத்தவள் பிறந்து, பிள்ளையோடு காட்டுக்கும் வீட்டுக்குமாக ஓடிய காலத்தில், ஒருநாள் குடத்தை அவர் முன் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் வந்தது. விறகு பிளப்பது அடுத்த ஆண்டு சேர்ந்தது. பாத்திரம் துலக்குவது கடைசி வரை அவர் கைக்குப் போகவேயில்லை.

மழைக்காலத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கினால், மரத்துக்கு மழைக்காப்பு ஒட்டியிருந்தாலும் பல நாள் வெட்டு நடக்காது. நேரம் கொட்டிக் கிடக்கும், துணி காயாது. அடுப்புக்கு மேலே பரணில் விறகையும் அதன் கீழே கயிற்றில் துணியையும் போடுவோம். பிள்ளைகள் பள்ளிக்குப் புகைவாடையோடு போவார்கள். அங்கே எல்லாப் பிள்ளைகளிடமும் அதே வாடைதான் என்பதால் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

மாமி தன் கடைசி ஆண்டுகளில் கண் மங்கிப்போய் வாசலில் உட்கார்ந்திருப்பார். அரிசியில் கல் பொறுக்குவது மட்டும் தன் வேலை என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டார். நாழி அரிசியை முறத்தில் கொட்டி, விரலால் தடவித் தடவிக் கால் பங்கு பார்ப்பதற்குள் களைத்துவிடுவார். ஒருநாள் நான் பால் வாளியோடு உள்ளே நுழைந்தபோது, பார்த்த அரிசியைச் சட்டியில் எடுத்து வைத்துவிட்டு, மீதி இருந்த முறத்தின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம் புள்ள" என்று சொல்லி முறத்தைச் சுவரோரம் தள்ளி வைத்தார்.