தண்ணீர் தெளிவாக இருந்தால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போய், தொட்டியையும் மீனையும் ஒரே பையில் வாங்கி வருபவர்கள்தான் அதிகம். சாயங்காலமே தண்ணீர் நிரப்பி மீனை விட்டாயிற்று. சில நாளில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்புறம் கடைக்காரர் மேல் பழி.

பெரும்பாலும் குற்றவாளி அம்மோனியா. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் கிடக்கும் தீனியிலிருந்தும் வருவது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும்போதே செவுளை அரித்துவிடும். இதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும் (அதுவும் விஷம்தான்). இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அது கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் வரைகூட ஆகும். அதுவரை மீன் இல்லாமல் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வரலாம். அதிலிருந்து வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. காலித் தொட்டிக்குத் தீனியா என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்துப் பளிச்சென்று கழுவுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பட்டால் வளர்த்த பாக்டீரியாவெல்லாம் போச்சு. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். தண்ணீரையும் மொத்தமாக மாற்ற வேண்டாம், வாரம் கால் பங்கு சரி.

அப்புறம், அந்த உருண்டைக் கிண்ணத்தில் கோல்டுஃபிஷ்! அது ஒரு சாண் வளரும் மீன், சாமி. கிண்ணத்தில் மணி பிளான்ட் வையுங்கள்.