வெக்கையா, புழுக்கமா?

சென்னையில் நூறு வயதைத் தாண்டிய ஓர் அலுவலகக் கட்டடம். உள்ளே உட்கார முடியவில்லை என்று ஊழியர்கள் மனு கொடுக்க, அது சுற்றிச் சுற்றி எங்களிடம் வந்தது. மே மாதத்தில் கருவிகளோடு போனேன்.

அதில் ஒன்று கறுப்பு உருண்டை. 15 சென்டிமீட்டர் விட்டம், நடுவில் தெர்மாமீட்டர். காற்றின் சூட்டோடு சுவரும் கூரையும் வீசும் சூட்டையும் சேர்த்துக் காட்டும். ஸ்டாண்டில் மாட்டியதும் கீழ்த்தளத்து அக்கா ஒருவர், "என்ன தம்பி, திருஷ்டிக்கா?" என்றார்.

கேள்வித்தாளில் ஏழு கட்டங்கள், கடுங்குளிரிலிருந்து கடும் வெப்பம் வரை. எல்லோரும் நடுக்கட்டத்தில் டிக் அடித்தார்கள். பின்னால் கண்காணிப்பாளர் நின்றிருந்தார். அவர் டீ குடிக்கப் போனதும் அக்கா சொன்னார்: "மாடியில இருந்தப்ப வெக்கை. கீழ வந்தப்புறம் புழுக்கம். ரெண்டையும் ஒரே கட்டத்துல எப்படி தம்பி போடறது?"

ஓர் அறை மனிதர்களுக்கு எவ்வளவு சூடாக, குளிராகத் தோன்றும் என்று கணிக்க டென்மார்க் ஆய்வாளர் ஃபாங்கர் 1970-இல் கொடுத்த சூத்திரமும் இதே ஏழு புள்ளிகளில்தான் விடை சொல்லும். ஈரப்பதம், காற்றோட்டம் எல்லாம் கணக்கில் உண்டு. ஆனால் கடைசியில் வருவது ஒற்றை எண். அதை ஓரமாக வைத்துவிட்டு, இந்த இரண்டு சொற்களை வைத்தே மறுபடி எல்லோரையும் கேட்டேன். மாடி முழுக்க வெக்கை, கீழே முழுக்கப் புழுக்கம். மாலை நான்கு மணிக்கு மாடியில் உருண்டை காற்றைவிட மூன்று டிகிரி அதிகம் காட்டியது. கீழே இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, கூரைக்கு ஏறினேன். மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லை மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, தட்டை ஓடுகள் பதித்த தளம். ஒழுகுகிறது என்று அதற்கு மேல் யாரோ கறுப்புத் தார் ஷீட் ஒட்டியிருந்தார்கள். பகல் முழுக்க அது குடித்த வெயில், தடித்த தளத்தின் வழியே மெல்ல இறங்கி மாலையில் தலைக்கு வருகிறது. கீழே வேறு கதை. உத்தரத்தை ஒட்டியிருந்த வென்டிலேட்டர்களை ஃபால்ஸ் சீலிங் மறைத்துவிட்டது. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு. உள்ளே ஏறிய ஈரம் காய வழியில்லாமல் பெயிண்டைக் கொப்பளிக்க வைத்திருந்தது. கட்டியவர்மேல் குற்றமில்லை, பிறகு 'சரிசெய்தவர்கள்' செய்த வேலை.

ஷீட்டை உரித்து, ஒழுகிய இடங்களைச் சுண்ணாம்பாலேயே அடைத்து, மேலே வெள்ளையடித்தோம். சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். ஃபால்ஸ் சீலிங்கையும் கழற்றினோம். அங்கேதான் நான் சறுக்கினேன். அதைப் போட்டபோது மின்விசிறிகளின் நீளக் கம்பிகளை வெட்டியிருந்தார்கள். இப்போது விசிறி பதினாறு அடி உயரத்தில் தனக்குத்தானே சுற்றியது. மேசைக்குக் காற்று வரவில்லை. புதுக் கம்பிக்கான கோப்பு நகர இரண்டு மாதம் ஆனது. அதுவரை என்னை யாரும் நல்ல வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த மே மாதம் மறுபடி அளக்கப் போனேன். அக்காவின் மேசையில் தாள்கள் படபடத்துக்கொண்டிருந்தன. "அந்த உருண்டையை இங்கேயே வெச்சிட்டுப் போ தம்பி, பேப்பர் வெயிட்டுக்கு ஆகும்."