குருநகரில் ஒரு விடியற்காலைப் பூசை

2023 டிசம்பர் 19 அதிகாலையில், நல்லூரிலிருந்து யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகரின் புனித யாகப்பர் ஆலயத்துக்குச் சைக்கிளில் புறப்பட்டபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. திருவெம்பாவைக் காலமாதலால் ஒழுங்கைகளில் சங்கும் சேமக்கலமும் ஒலித்துக்கொண்டிருந்தன. உறங்குவோரை எழுப்பும் அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, நத்தாருக்கு ஆயத்தமாகும் நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று வாசிக்கப்பட்ட 'விழிப்பாயிருங்கள்' என்னும் நற்செய்தியை அயல்வீட்டுச் சைவர்களே மறுபடியும் சொல்வதுபோல் இருந்தது.

பல ஆண்டுகளாக இந்த நான்கு வாரங்களையும் நத்தார்ப் பலகாரத்திலும் புது உடுப்பிலும் தொலைத்தவன் நான். ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' என்னும் புகழ்ச்சிக் கீதத்தைப் பாடாமல் திருச்சபை நம்மை நிறுத்திவைப்பதையும், நத்தார்க் குடிலின் தீவனத்தொட்டி, பாலன் இயேசுவை வைக்கும் 24ஆம் திகதி இரவுவரை வெறுமையாகவே கிடப்பதையும் கண்ணால் கண்டும் மனத்தில் வாங்கியதில்லை. இந்த ஆண்டாவது வெறுமையான அந்தத் தொட்டிக்கு முன்னால் அவசரமின்றி இருக்கவேண்டும் என்று விரும்பினேன்.

1993 நவம்பர் 13 அன்று விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கான ஆலயம் இது. திருவருகைக் காலம் தொடங்க அப்போது 15 நாள்களே இருந்தன. உறவுகளைப் பறிகொடுத்த இவ்வூர் மக்கள் அந்த ஆண்டு முதலாவது மெழுகுதிரியை எந்த மனத்தோடு ஏற்றியிருப்பார்கள் என்ற நினைவு, உள்ளே காலடி வைக்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது.

பூசைக்கு முன் ஒரு சிறுவன், வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுதிரிகள் கொண்ட திருவருகைக் கால வளையத்தின் திரிகளை ஏற்றினான். ஈரத்தில் ஊறிய தீக்குச்சிகள் இரண்டு பற்றவில்லை. மூன்றாவதைக் கைகளால் பொத்திப் பிடித்து, இரண்டு ஊதாத் திரிகளையும் றோசா நிறத் திரியையும் ஏற்றிவிட்டு, நான்காவதைத் தொடாமல் இறங்கினான்.

அன்றைய நற்செய்தி திருமுழுக்கு யோவானின் தந்தையான குரு செக்கரியாவைப் பற்றியது. ஆலயத்தினுள் தூபம் காட்டச் சென்றவர், முதுமையில் மகன் பிறப்பான் என்ற வானதூதரின் சொல்லை நம்பாமல் பேச்சிழந்து நிற்கிறார். அவரைவிட, அவர் ஏன் இன்னும் வரவில்லை என்று வெளியே காத்து நின்ற மக்களே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே நடப்பது எதுவும் தெரியாமலே அவர்கள் அவ்விடத்தை விட்டுப் போகவில்லை.

பூசை முடிந்தபின் பக்கத்து வாங்கில் இருந்த ஆச்சி எழவில்லை.

“மகன் தொழிலுக்குப் போன நாளிலை எனக்கு நித்திரை வாறதில்லை, தம்பி. அதுதான் வெள்ளெனவே வந்து இதிலை இருந்திடுவன்,” என்றார்.

நானும் இருந்தேன். திரிகளை அணைத்துவிட்டார்கள்; மெழுகின் மணம் மட்டும் நின்றது. செபிக்க வார்த்தை தேடாமல், செக்கரியாவுக்காக நின்ற கூட்டத்தில் ஒருவனாக என்னை வைத்துக்கொண்டு, குடிலைப் பார்த்தபடி இருந்தேன். கரைப்பக்கமிருந்து படகொன்றின் இயந்திரச் சத்தம் கேட்டதும் ஆச்சி சிலுவை அடையாளமிட்டு, நனைந்த குடையை எடுத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமலே விரைந்து வெளியே போனார்.