மோசல் பள்ளத்தாக்கு: காரை எங்கே நிறுத்துவது என்பதே பாதித் திட்டம்

ஜெர்மனியின் வரைபடத்தில் ட்ரியர் நகரத்தையும் கோப்லென்ஸ் நகரத்தையும் ஒரு கோடு போட்டு இணைத்தால் நூறு கிலோமீட்டர்கூட வராது. அதிவேக நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓடும் மோசல் ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு போனால் தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, சுமார் 190 கிலோமீட்டர். கூடுதலாக வருவதெல்லாம் வளைவுகள். அந்த வளைவுகளின் சரிவில்தான் ரீஸ்லிங் திராட்சை விளைகிறது. அதனால் ஊர்ப் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிடம் என்று கணக்குப் பார்த்துப் பயனில்லை. எந்த வளைவில் காரை நிறுத்திவிட்டு இறங்கி நடக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால் மற்றதெல்லாம் தானாக வந்து உட்காரும்.

நாங்கள் மூன்று பேர்: நான், மனைவி, மன்ஹைமில் வேலை பார்க்கும் மனைவியின் தம்பி. அவனுக்குக் குடிப் பழக்கமே கிடையாது. "மாமா, நீங்க ருசி பாருங்க, வண்டியை நான் பாத்துக்கிறேன்" என்று அவன் சொன்ன பிறகுதான் பயணம் உறுதியானது. ஜெர்மனியில் ஓட்டுநரின் ரத்தத்தில் 0.5 புரோமில்லுக்கு (ஆயிரத்தில் அரைப் பங்கு) மேல் மது இருந்தால் குற்றம். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் உரிமம் புதிதாக வாங்கியவர்களுக்கும் துளிகூடக் கூடாது. விபத்து என்று வந்துவிட்டால் 0.3-லேயே சிக்கல் தொடங்கும். 'கொஞ்சம்தானே குடித்தோம்' என்ற கணக்கு இங்கே வேண்டாம். ஓட்ட ஆள் இல்லாதவர்கள், தங்கும் ஊரிலேயே ருசி பார்க்கும்படி திட்டம் போடலாம். மதியத்தோடு காரை நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

காரே இல்லாமல் போக முடியாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். பாதி முடியும். புலாய் ஊரில் இருந்து கோப்லென்ஸ் வரை ரயில் பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. ஆனால் ட்ரியருக்கும் புலாய்க்கும் நடுவே, பெயர்பெற்ற தோட்டங்கள் நெருக்கமாக இருக்கும் நடு மோசலில், கரையோரம் ஓடிய பழைய ரயில் பாதையை 1960-களில் மூடிவிட்டார்கள். இப்போதைய பெரிய ரயில் பாதை மலைக்கு அந்தப் பக்கமாகப் போய்விடுகிறது. ஆகவே மேல் பாதிக்குக் கார், கீழ் பாதியில் காரை விடுதியில் விட்டுவிட்டு ரயில், படகு, நடை என்று பிரித்துக்கொண்டோம். தங்குவதற்கும் இரண்டே ஊர்கள்: முதலில் பெர்ன்காஸ்டல் பக்கம், அப்புறம் கோஹெம் பக்கம்.

மாதம் அக்டோபர். ரீஸ்லிங் மெதுவாகப் பழுக்கும் ரகம். அறுவடை பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபரில் நடக்கும். காலையில் ஆற்றின்மேல் பனிமூட்டம் எதிர்க்கரை தெரியாத அளவுக்கு இருக்கும், பதினொரு மணிக்கு மேல் விலகி வெயில் வரும். நொதித்துக்கொண்டே இருக்கும் கலங்கலான இளம் ஒயினை ஃபெடர்வைஸர் என்று, வெங்காயம் வைத்துச் சுட்ட அப்பத்தோடு தருவதும் இந்தப் பருவத்தில்தான். சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள், அந்த வெங்காய அப்பத்தில் பன்றி இறைச்சித் துண்டுகள் போடுவது வழக்கம். நவம்பர் பிறந்ததும் சின்ன விடுதிகளும் கோட்டைகளும் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கிவிடும்.

ஏறக்குறைய 50 டிகிரி வடக்கு அட்சரேகையில் திராட்சை பழுப்பதே பெரிய காரியம். தெற்குப் பார்த்த செங்குத்தான சரிவு வெயிலை நேராக வாங்குகிறது. ஆற்று நீர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. தரையெல்லாம் சிலேட்டுக் கல். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகிய பாறை. பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல விடும். மாலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் ஒரு சில்லை எடுத்துப் பார்த்தேன், காற்று சில்லென்று இருந்தபோதும் உள்ளங்கையில் வெதுவெதுப்பு தெரிந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் படரவிட்டு, ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் அறுக்கும் பன்னீர் திராட்சையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கம்பு நட்டு, இரண்டு கிளைகளை இதய வடிவில் வளைத்துக் கட்டி, ஒரே ஒரு அறுவடைக்காக ஆண்டு முழுக்கக் காத்திருப்பது வேறு உலகமாக இருந்தது. அந்தக் காத்திருப்பில்தான் புளிப்பு குறையாமல் மணம் ஏறுகிறது.

தொடக்கம் ட்ரியரில். கி.பி. 170-ஐ ஒட்டி ரோமானியர்கள் கட்டிய போர்ட்டா நிக்ரா வாயிலை எல்லோரும் பார்ப்பார்கள். நான் சொல்வது, மாநில அருங்காட்சியகத்தில் இருக்கும் கல் ஒயின் கப்பலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்பது. நொய்மாகனில் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பம். துடுப்புக்காரர்கள், நடுவில் அடுக்கிய பீப்பாய்கள், முனையில் மிருகத் தலை. ஒருவன் முகத்தில் மட்டும் நல்ல சிரிப்பு. இந்தப் பள்ளத்தாக்கில் ஒயின் எவ்வளவு பழைய தொழில் என்பதை வேறெதுவும் இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிடாது.

1818-ல் கார்ல் மார்க்ஸ் பிறந்த வீடும் ட்ரியரில்தான். அந்த வீடு மோசல் பயணத்தின் பகுதி என்றே நினைக்கிறேன். தென் ஜெர்மன் ஒயின்கள் சுங்க வரி இல்லாமல் வந்து குவிந்து விலை சரிந்தபோது மோசல் திராட்சை விவசாயிகள் நொடித்துப்போனார்கள். 1843-ல் அவர்களுடைய துயரத்தைப் பற்றி மார்க்ஸ் ரைன் செய்தித்தாளில் எழுதினார். பொருளாதாரக் கேள்விகள் பக்கம் தன்னைத் திருப்பியவற்றில் மோசல் விவசாயிகளின் நிலைமை பற்றிய அந்த விவாதமும் ஒன்று என்று 1859-ல் எழுதிய முன்னுரையில் அவரே குறிப்பிடுகிறார். அதைத் தெரிந்துகொண்டு ஆற்றோரமாகக் கிளம்பினால் சரிவுகள் வெறும் காட்சியாகத் தெரியாது. இன்றைக்கும் இது லேசான பிழைப்பு இல்லை. 1990-களின் தொடக்கத்தில் 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த தோட்டப் பரப்பு இப்போது 9,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. கொடிகளுக்கு நடுவே புதர் மண்டிய பட்டைகளை வழி நெடுக நீங்களே பார்க்கலாம்.

பீஸ்போர்ட்டில் திராட்சை பிழியும் நான்காம் நூற்றாண்டு ரோமானிய ஆலை இருக்கிறது. வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். பெர்ன்காஸ்டல்-கூஸில்தான் உட்கார வேண்டும். சந்தைச் சதுக்கத்தில் மரச்சட்ட வீடுகளைப் படம் எடுக்கும் கூட்டம் நிற்கும். பாலம் தாண்டி எதிர்க்கரைக்கு வாருங்கள். தத்துவவாதியும் கர்தினாலுமான நிக்கோலாஸ் குசானுஸ் பதினைந்தாம் நூற்றாண்டில் 33 ஏழை முதியவர்களுக்காக நிறுவிய இல்லம் இன்றும் முதியோர் இல்லமாகவே நடக்கிறது. அவருடைய கையெழுத்துப் பிரதிகள் நூலகம் உள்ளேயே இருக்கிறது. இல்லத்துக்குச் சொந்தமான திராட்சைத் தோட்டங்களும் பல நூற்றாண்டுகளாக அதன் செலவைத் தாங்கி வந்தவை.

வேலென் கிராமத்தில் 1842-ல் யோடோகுஸ் ப்ரூம் பாறையில் அமைத்த சூரியக் கடிகாரத்தைக் கொடிகளுக்கு நடுவே ஆற்றின் இந்தக் கரையில் இருந்தே பார்க்கலாம். கொஞ்சம் தள்ளித் தலையைத் தூக்கினால் 158 மீட்டர் உயரத்தில், 1.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டுகிறது. 2019-ல் திறந்தார்கள். மேட்டில் போடும் சாலை சரிவுகளுக்குக் கசியும் நீரைக் கெடுத்துவிடும் என்று விவசாயிகளும் ஒயின் எழுத்தாளர்களும் வருடக்கணக்காக எதிர்த்தார்கள். பொறியியல் வேலையாக அது அருமை. ஆனால் இந்த இடத்தில் அது வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ருசி பார்ப்பதற்கு முன்கூட்டியே போன் செய்துவிட வேண்டும். இவை பெரும்பாலும் குடும்பங்கள் நடத்தும் சின்னப் பண்ணைகள். அறுவடை நேரத்தில் சொல்லாமல் போய் நின்றால் எல்லோரும் மலைமேல் இருப்பார்கள். யூர்ட்சிக் பக்கம் ஒரு வீட்டின் முன்னறையில் எங்களுக்கு மாலை ஐந்து மணி கொடுத்தார்கள். மண்ணேறிய காலணியோடு வந்த அந்த அம்மா மேசையில் முதலில் வைத்தது இரண்டு கற்கள். ஒன்று நீலச் சாம்பல் சிலேட்டு, இன்னொன்று செங்கல் நிறம். இரண்டு மண்ணிலும் விளைந்த ஒரே ஆண்டு ரீஸ்லிங்கைப் பக்கம் பக்கமாக ஊற்றினார். நீலக் கல்லில் விளைந்தது எலுமிச்சைத் தோல்போல மெலிந்து நேராகப் போனது. சிவப்புக் கல்லில் விளைந்ததில் ஒரு மசாலா வாடை, கனம். அப்புறம் இனிப்பில்லாத ட்ரோக்கன், 8 சதவீதம் சுமாருக்கே மது உள்ள, லேசாக இனிக்கும் கபினெட், பழுத்த பழத்தின் ஷ்பேட்லேஸே என்று வரிசையாக ஏறினோம். இனிப்பு ஒயின் என்றால் தரக் குறைவு என்று நம்பியிருந்த என் மனைவி கபினெட்டில் நின்றுவிட்டாள். மச்சானுக்கு அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு. ஒரு நாளைக்கு இப்படி இரண்டு பண்ணைகள் போதும், மூன்றாவதற்குப் போனால் நாக்கு மரத்துவிடும்.

சாப்பாட்டுக்கு உணவகத்தைத் தேடுவதைவிட ஸ்ட்ராஸ்விர்ட்ஷாஃப்ட் தேடுங்கள். ஒயின் விவசாயி தன் வீட்டில் ஆண்டுக்கு நான்கு மாதம் வரை, நாற்பது இருக்கைக்குள் நடத்திக்கொள்ளும் கடை. ஊற்றுவது சொந்த ஒயின் மட்டும். ரொட்டி, பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு என்று எளிமையாக இருக்கும். ரொக்கம் வைத்திருங்கள். கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்பதால் தண்ணீர், பழம் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

அல்ஃப்-புலாய் இரட்டை மாடிப் பாலத்தில், மேலே ரயில் கீழே கார், ஆற்றைக் கடந்து ப்ரெம் வந்தோம். 1878-ல் கட்டியது, ஜெர்மனியில் இந்த வகையில் முதல் பாலம். ப்ரெம்மின் தலைக்கு மேலே கால்மோன்ட் நிற்கிறது. சில இடங்களில் 65 டிகிரி சரிவு; ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று பெயர். அதன் குறுக்கே இரும்பு ஏணியும் கம்பி வடமும் பொருத்திய பாதை போகிறது. மழை பெய்திருந்தால் வேண்டாம், சிலேட்டு வழுக்கும். நாங்கள் போனபோது அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரத்தால் ஏறும் குட்டி வண்டியில் கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. வண்டி எட்டாத இடத்தில் ஓர் ஆள் முதுகுக் கூடையோடு, ஒவ்வொரு அடிக்கும் குதிகாலைக் கல்லில் அழுத்தி, பக்கவாட்டில் இறங்கினார். சமவெளித் தோட்டத்தில் இயந்திரம் முடித்துவிடும் வேலை இங்கே பல மடங்கு மனித நேரம் கேட்கிறது. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் உண்டு என்றால் நான் கோட்டைகளை விட்டுவிட்டு இங்கே வருவேன்.

கோட்டைகளும் நன்றாகவே இருக்கின்றன. கோஹெம் கோட்டை 1689-ல் பிரெஞ்சுப் படை அழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெர்லின் வணிகர் மீண்டும் எழுப்பியது. எல்ட்ஸ் கோட்டை அழிவே காணாதது; மோசலில் இருந்து பார்த்தால் தெரியாது. ரயிலில் மோசல்கெர்ன் இறங்கி ஓடையோரமாகக் காட்டு வழியில் நடந்து போங்கள். நவம்பர் 1-ஆம் தேதியோடு அந்த ஆண்டுக்கு மூடிவிடுவார்கள்.

பாட்டில் வாங்கும்போது லேபிளில் குட்ஸாப்ஃப்யூலுங் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்; பண்ணையிலேயே விளைந்து அங்கேயே அடைத்தது என்பதற்கு அது உத்தரவாதம். விலையும் பயப்படும்படி இல்லை, நல்ல கபினெட்டே பல பண்ணைகளில் பத்துப் பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கிறது. ஷ்பேட்லேஸேயை அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். குளிர்ந்த இருட்டான இடத்தில் படுக்க வைத்தால் இருபது வருடம் சாதாரணமாகத் தாங்கும். விமானத்தில் ஊருக்குப் போகிறவர்கள் ஆறு பாட்டில் அட்டைப் பெட்டியைப் பண்ணையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.